மெயினை இறக்கினது யாரு?

கொஞ்சம் கால நகத்திக்கோங்க தம்பி, பொட்டி இடிக்கும். இல்ல இல்ல, மேல ரேக்குல வேணாம். லத்தேரி தாண்டினா ரோடு எப்படி இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா? குலுக்குற குலுக்குல உள்ள இருக்கறதெல்லாம் கழண்டுக்கும். மடியிலயே இருக்கட்டும். எனக்கு பாரமா இல்ல, பழகிடுச்சு.

கம்ப்யூட்டர்தான். பொட்டி மட்டும். டிவி மாதிரி இருக்குமே, அது வீட்லயே இருக்குது. அதுல ஒண்ணும் கோளாறு இல்ல. மொதல்ல பெட்ஷீட்டுல சுத்திப் பாத்தேன், வழுக்குது. அதான் புடவை. என் சம்சாரத்தோடது. நூல் புடவை, நல்லா புடிச்சிக்குது.

வேலூருக்குத்தான் போறேன். புது பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு கடை இருக்குதாம். அங்க குடுத்தா அரை அவர்ல முடிச்சிக் குடுத்துடுவாங்கன்னு சொல்றாங்க. சொல்றாங்க. சொல்றதுக்கென்ன.

ரிப்பேரான்னு கேக்காதீங்க. ரிப்பேர் வேற, இது வேற. அப்கிரேடு பண்ணிக்கினு இருக்கும்போது நடுவுல கரண்டு போச்சு. கரண்டு போகல, எடுத்துட்டாங்க. அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்குது. நான் ஈ.பி.ல ஃபோர்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவன். கரண்டு தானாப் போனா அது யார் மேலயும் தப்பில்ல. மரம் விழும், காக்கா உக்காரும், எத்தனையோ இருக்குது. ஒரு ஆளு கை வச்சி மெயினை இறக்கினா அதுக்குப் பேரு வேற.

ரெண்டு டிக்கெட்டு குடுப்பா. ஒண்ணு எனக்கு, ஒண்ணு பொட்டிக்கு லக்கேஜ். கேட்டீங்களா, "இன்னா ஃபோர்மேனு, இன்னிக்குமா?"ங்கறான். அந்த கண்டக்டர் அப்படித்தான், எல்லாரையும் ஓட்டிக்கினே இருப்பான். நீங்க கண்டுக்காதீங்க.

எங்க விட்டேன்? ஆங், அப்கிரேடு. எனக்கு அது தேவையே இல்ல தம்பி. பழசே நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சு. நான் அதுல பாக்கறது பேப்பரு, அப்பறம் பொண்ணுகிட்ட வீடியோவுல பேசறது. பொண்ணு பூனாவுல இருக்குது. ரேணுகா. ஒரே பொண்ணு. ஞாயித்துக்கெழமை ஆச்சுன்னா என் சம்சாரம் பொடவை மாத்தி, பொட்டு வச்சி, சேரை இழுத்துப் போட்டுக்கினு முன்னாடி உக்காந்துடும். போன்ல பேசுன்னா பேசாது. அதுல மூஞ்சி சின்னதாத் தெரியுதாம். அதுக்கு ஏத்த மாதிரி அந்த வீடியோ கால் ஒரு நாளு நின்னு போச்சு. உங்க சிஸ்டம் பழசு, புதுசு போடு, அப்பதான் பேச விடுவேன்னு எழுதிக் காட்டுது. அந்த நேரம் பாத்து பொண்ணு புது ஃப்ளாட்டு வாங்கி வர்ற வெள்ளிக்கெழமை பால் காய்ச்சறதா இருந்துச்சு. என் சம்சாரத்துக்கு முட்டி வலி, அவ்ளோ தூரம் ரயில்ல உக்கார முடியாது. பால் பொங்கறதயாவது கண்ணால பாக்கணும், நீங்க அதுக்குள்ள சரி பண்ணுங்க, சரி பண்ணுங்கன்னு ஒரே நச்சு. வேதவல்லி ஒண்ணைப் புடிச்சா விடாது.

சரின்னு போட்டேன். அவளுக்காகத்தான் போட்டேன்.

காலைல டிபன் முடிச்சிட்டு ஆரம்பிச்சேன். பூரி. கொஞ்ச நேரத்துல ஸ்க்ரீன் பூரா நீலமா ஆயி, நடுவுல ஒரு வட்டம் சுத்துது. கீழ எத்தனை பர்சென்ட்டுன்னு நம்பரு. அதுக்கும் கீழ, உங்க கம்ப்யூட்டரை அணைக்காதீங்கன்னு இங்கிலீசுல.

இங்க ஒரு விஷயம் சொல்லணும் உங்களுக்கு. எங்க வேலையில ஒரு பழக்கம் இருக்குது. கம்பத்துல ஆளு ஏறுனா, கீழ சுவிட்சுல ஒரு அட்டை மாட்டுவோம். ஆள் வேலை செய்கிறார், தொடாதேன்னு சிகப்பு எழுத்துல. மாட்டுனவன்தான் அதை எடுக்கணும். கலெக்டரே வந்து எடுடான்னாலும் வேற ஆளு எடுக்கக் கூடாது. அந்த அட்டையை மதிக்காதவன் ஒருத்தன் இருந்தா மேல இருக்கறவன் கரிக்கட்டையா இறங்குவான். நான் பாத்திருக்கேன். அதனால எழுதியிருந்தா எழுதியிருந்ததுதான். அணைக்காதேன்னா அணைக்கக் கூடாது. நான் சேரைப் போட்டு உக்காந்துட்டேன்.

அது சரிதான், உக்காந்து பாத்துக்கினே இருக்கணும்னு அது சொல்லல. என் பொண்ணும் அதைத்தான் கேட்டுது. ஆனா தம்பி, ஆளு மேல இருக்கும்போது கீழ ஒருத்தன் நிக்கணும். அவன் சும்மாத்தான் நிப்பான். ஆனா நிக்கணும். நிக்காம டீ குடிக்கப் போனவனுக்கு நான் மெமோ குடுத்திருக்கேன். முப்பது வருஷத்துக்கு மேல அப்படிப் பழகினவன் அந்த ஒரு நாளு மட்டும் எப்படி எந்திரிச்சிப் போவேன்?

ஏறுது, ஏறுது, அவ்ளோ மெதுவா ஏறுது. பதினொண்ணுல ரொம்ப நேரம் நின்னுச்சு. அப்பறம் மடமடன்னு ஏறிச்சு. இருபத்தேழு வந்தப்போ வேதவல்லி ரூம் வாசப்படியில வந்து நின்னா. நெஞ்சு மேல கைய வச்சிக்கினு, ஏங்க, மாரு அடைக்கற மாதிரி இருக்குது, வேர்வையா ஊத்துதுன்னா. பூரி தின்னல்ல, அது எண்ணெய்தான், கொஞ்சம் சீரகத் தண்ணி வச்சிக் குடின்னேன். இது முடியட்டும், டாக்டர்கிட்ட வேணும்னா போயிட்டு வரலாம்னும் சொன்னேன். அதையும் சொன்னேன் தம்பி. சொல்லலன்னு யாரும் சொல்ல முடியாது. அவ எட்டிப் பாத்து, எவ்ளோ ஆச்சுன்னா. இருபத்தேழுன்னேன். சரின்னுட்டு உள்ள போயிட்டா. அவளும் நூறு ஆகட்டும்னுதான் நெனச்சிருப்பா. பால் காய்ச்சறது அவளுக்குத்தான பாக்கணும்?

அப்பறம் சமையல் ரூம்ல ஏதோ விழற சத்தம் கேட்டுது. எங்க வீட்ல ஒரு பூனை வரும், பாலுக்கு. அதுதான்னு நெனச்சேன். அதட்டக்கூட அதட்டினேன், சேர்ல உக்காந்தபடியே.

பக்கத்து வீட்டு கஜபதியோட சம்சாரம் கறிவேப்பில கேக்க வந்துச்சு. நேரா சமையல் ரூமுக்குப் போயி, அய்யோ அக்கான்னு கத்துச்சு. கத்துனதுல கஜபதி ஓடி வந்தான், எதிர் வீட்டுக்காரங்க வந்தாங்க, ஆட்டோ வந்துச்சு. எல்லாம் அந்தத் தெருவே செஞ்சிது. தூக்கினு போனாங்க. நானும் ஒரு பக்கம் புடிச்சிக்கினு போனேன். ரூமத் தாண்டும்போது எட்டிப் பாத்தேன். அறுபத்திநாலு.

அறுபத்திநாலு தம்பி. பாதிக்கு மேல தாண்டிடுச்சு. நான் இல்லன்னாலும் பரவால்ல, அது பாட்டுக்கு முடிஞ்சிடும்னு நெனச்சிக்கினு ஆட்டோ ஏறினேன்.

இப்பதான் விஷயத்துக்கு வர்றேன். வீட்டைப் பூட்டிக்கினு பின்னாடி வண்டியில வந்தவன் கஜபதி. வந்தவன் இன்னா பண்ணான்? பூட்டறதுக்கு முன்னாடி மெயினை இறக்கிட்டு வந்தான்.

அவனுக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான். அது ஒரு கூத்து. எங்க தெருக் கோடியில ஒரு வீடு பூட்டியிருந்தப்போ எரிஞ்சி போச்சு, ஒயர் உருகி. அதுக்கப்பறம் நான் வீடு வீடாப் போயி சொன்னேன். வீட்டைப் பூட்டினா மெயினை இறக்கு, திருப்பதி போனாலும் இறக்கு, தெருமுனைக்குப் போனாலும் இறக்குன்னு. ஒருத்தனும் கேக்கல. கேட்டவன் கஜபதி ஒருத்தன்தான். அரிசி மண்டியில வேலை பாக்கறவன், நல்லவன், சொன்னதைச் செய்வான். அந்த அவசரத்துலயும் மறக்காம இறக்கியிருக்கான் பாருங்க.

யூ.பி.எஸ் இருக்குது, இல்லாம இல்ல. ஆனா அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். கரண்டு போனா பீப் பீப்புன்னு கத்தும், வந்து பாருடான்னு. கத்தியிருக்கும். கத்திக் கத்திப் பாத்துட்டு நின்னிருக்கும். வீட்ல கேக்க ஆள் இல்லையே. அதை நெனச்சாத்தான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுது.

ஆஸ்பத்திரியில இன்னா ஆச்சா? ஒண்ணும் ஆவல. போகும்போதே முடிஞ்சிடுச்சாம். கொஞ்சம் முன்னாடி கொண்ணாந்திருக்கலாமேன்னார் டாக்டரு. அவங்க எல்லாருக்கும் அதான் சொல்றது. எங்க வேலையிலயும் அப்படித்தான், ட்ரான்ஸ்பார்மர் வெடிச்சா, முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னு சொல்லிட்டுப் போவோம்.

அழுகை வரல தம்பி. ஏன்னு தெரியல. இன்னி வரைக்கும் வரல. உடம்புல ஒரு பக்கம் மரத்துப் போன மாதிரி இருக்குது, கிள்ளினாக்கூட தெரியாது. சாயங்காலம் அவளக் கொண்ணாந்து கூடத்துல படுக்க வச்சாங்க. தலமாட்டுல விளக்கு ஏத்தறாங்க. இருட்டா இருக்குது. கஜபதி போயி மெயினை ஏத்தினான். டப்புன்னு எல்லா லைட்டும் எரிஞ்சிது. அப்பதான் எனக்குத் தெரிஞ்சிது. நான் எந்திரிச்சி நின்னு, மெயினை இறக்கினது யாருன்னு கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன். எல்லாரும் அழுகைய நிறுத்திட்டு என்னப் பாக்கறாங்க. மெயினை இறக்கினது யாரு, மெயினை இறக்கினது யாருன்னு கேட்டுக்கினே இருந்தேனாம். பாவம், புத்தி கலங்கிடுச்சுன்னு யாரோ சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் கலங்கல. தெளிவாத்தான் இருந்தேன்.

கஜபதி நான்தான் அண்ணேன்னான். அன்னிலேர்ந்து அவன்கிட்ட நான் பேசறதில்ல. அவன் தினம் வர்றான். தின்னுட்டியாண்ணேன்னு கேக்கறான். அவன் சம்சாரம்தான் சோறு குடுத்து அனுப்புது. வாங்கிக்கறேன். பேச மாட்டேன். என் தப்பு ஒண்ணே ஒண்ணு, தம்பி. மெயின் போர்டுல ஒரு அட்டை மாட்டியிருக்கணும். ஒரு காலண்டர் அட்டை போதும், தொடாதேன்னு எழுதி ஒரு நூல்ல கட்டி விட்டிருந்தா, கஜபதி கை வச்சிருக்க மாட்டான். அவன் அட்டைய மதிக்கறவன். இத்தனை வருஷம் சர்வீஸ் போட்டுட்டு சொந்த வீட்ல அட்டை மாட்டாம விட்டேன் பாருங்க. ராத்திரில்லாம் அதான் ஓடுது.

தண்ணியா? குடுங்க, ஒரு வாய். போதும்.

கே.வி.குப்பம் போயிடுச்சா? பேசிக்கினே வந்ததுல தெரியல.

பொண்ணா? காரியம் முடியற வரைக்கும் இங்கதான் இருந்துச்சு. நல்லாத்தான் பேசிக்கினு இருந்துச்சு. மருமவன் கூட, மாமா எங்க கூட வந்துடுங்கன்னாரு. பொண்ணும், ஆமாப்பா, புது வீட்ல உங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்குதுன்னுச்சு. நானும் சரின்னேன். எனக்கு இங்க யாரு இருக்காங்க? அப்பறம் ஒரு நாளு, எல்லாரும் போனப்பறம், என் பக்கத்துல வந்து உக்காந்துக்கினு, அப்பா, அம்மா மொத மொதல்ல வலிக்குதுன்னு எப்பப்பா சொன்னாங்கன்னு கேட்டுச்சு.

இருபத்தேழுலன்னேன்.

அப்படின்னா இன்னாப்பான்னுச்சு. புரியலியேன்னு நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். இந்த மாதிரி, பதினொண்ணுல ரொம்ப நேரம் நின்னுது, அப்பறம் மடமடன்னு ஏறி இருபத்தேழு, அப்ப வந்து சொன்னா. நாப்பதுலேர்ந்து அம்பது வரைக்கும் ரொம்ப மெதுவு, அந்த எடத்துலதான் பூனை சத்தம். கஜபதி சம்சாரம் வந்தது அறுபது தாண்டி. தூக்கும்போது அறுபத்திநாலு. ஒண்ணு விடாம சொன்னேன். மணி எத்தனைன்னு கேக்குது. நான் கடிகாரத்தைப் பாக்கல தம்பி, நான் ஸ்க்ரீனத்தான் பாத்துக்கினு இருந்தேன். உள்ளத உள்ளபடி சொன்னேன். பொண்ணு என்னையே பாத்துக்கினு இருந்துச்சு. அப்பறம் எந்திரிச்சி ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்கிச்சு. மறுநாளு கெளம்பிடுச்சு. வாசல்ல எங்கிட்ட சொல்லிக்கல. கஜபதி சம்சாரத்தக் கட்டிப் புடிச்சிக்கினு அழுதுச்சு, என்னத் திரும்பிப் பாக்கல.

இன்னா கோவம்னு எனக்குப் புரியல. உங்களுக்கு ஏதாவது புரியுதா?

நீங்க ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க? வெயில் அடிக்குதா? ஸ்க்ரீன இழுத்து விடுங்க.

இப்ப போன மாசம் சொல்லி அனுப்பிச்சிருக்குது. எங்கிட்ட இல்ல, கஜபதி சம்சாரத்துகிட்ட. அந்தப் பொட்டி அந்த வீட்ல இருக்கற வரைக்கும் நான் வர மாட்டேன். அப்பாவ அதைத் தூக்கிப் போடச் சொல்லுங்க, இல்ல கடையில குடுத்து எல்லாத்தையும் அழிக்கச் சொல்லுங்க. செஞ்சிட்டாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நானே வந்து கூட்டிக்கினு போறேன்னு. ரிப்பேரான பொட்டியப் பாக்கப் புடிக்கல போல. அந்தக் காலத்துப் புள்ளைங்க இல்ல இதுங்க, ஒண்ணு கெட்டுப் போனா கண்ணுல படக்கூடாது. சரி, கேக்கறது ஒரே பொண்ணு. இன்னிக்கு முடிச்சிடறதுன்னுதான் கெளம்பியிருக்கேன். முடிச்சிட்டா பொண்ணு வரும். வீட்டப் பூட்டி சாவிய கஜபதிகிட்ட குடுத்துட்டு நானும் போயிடுவேன். மெயினை இறக்கிட்டுத்தான்.

அழிச்சா அதுல இன்னா போயிடும்னு கேக்கறீங்க. ஒண்ணும் போகாது. போட்டோ எல்லாம் பொண்ணு முன்னாடியே எடுத்துக்கிச்சு. குடியாத்தத்துல நான் காட்டாத கடை இல்ல. எந்தக் கடைக்குப் போனாலும் ஃபார்மெட். தும்மினா ஃபார்மெட், இருமினா ஃபார்மெட், அவனுங்களுக்கு வேற வார்த்தையே தெரியாது. பெருசு, அழிச்சிட்டு புதுசாப் போட்டா ஜம்முன்னு ஓடும்ங்கறான். நான் தூக்கிக்கினு வந்துடுவேன்.

ஓடாம இல்ல தம்பி, ஓடுது. அதுதான் உங்களுக்குச் சொல்லல. சுவிட்ச் போட்டா அந்த நீலம் வருது. வட்டம் சுத்துது. நம்பரு ஏறுது. அதே மாதிரி பதினொண்ணுல நிக்குது, அதே மாதிரி மடமடன்னு ஏறுது. அறுபத்திநாலு வந்ததும் நின்னுடும். எவ்ளோ நேரம் வச்சிருந்தாலும் அறுபத்தஞ்சு ஆவாது. அப்பறம் ஒரு எழுத்து வரும். செஞ்ச மாத்தத்தையெல்லாம் திருப்பி எடுத்துக்கறேன்னு. எல்லாத்தையும் பழையபடி ஆக்கிட்டு, அணைஞ்சி, தானாவே மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். ஒண்ணு, ரெண்டுன்னு.

தினமும் போடறேன். டிபன் முடிச்சிட்டுப் போடுவேன். வேற இன்னா வேலை எனக்கு? இப்ப மெயின் போர்டுல அட்டை மாட்டியிருக்கேன். ஒருத்தரும் தொட முடியாது.

காட்பாடி வந்துடுச்சு. பாலம் தாண்டினா உங்க எடம் வந்துடும், பைய எடுத்துக்கோங்க. சார்ஜர் கீழ விழுந்துடுச்சு பாருங்க. ஆங், புது பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு. நானா? நீங்க எறங்குங்க தம்பி. பஸ்ஸு கொஞ்ச நேரம் நிக்கும், நான் மெதுவா எறங்கிக்கறேன்.

பாத்தீங்களா, கேக்கறான் பாருங்க கண்டக்டரு. "எறங்கறியா ஃபோர்மேனு, இல்ல திரும்ப குடியாத்தத்துக்கே டிக்கெட்டு கிழிக்கட்டுமா?"ன்னு. இருப்பா. இரு. யோசிக்க விடு.

போன வாரமும் இங்கதான் உக்காந்திருந்தேன். அதுக்கு முந்தின வாரமும். கடைய எட்டிப் பாத்தா இங்கேர்ந்தே தெரியுது, சிகப்பு போர்டு. எறங்கி நடந்தா ஆச்சு. அழிச்சிடுவான். அழிச்சிட்டா அப்பறம் அந்த நீலம் வராது, நம்பரு வராது. பொண்ணு வரும். தெரியுது, எல்லாம் தெரியுது.

நீங்க இன்னும் எறங்கலியா? தினமும் அப்படியே உக்காந்து பாக்கறேனான்னா? இல்ல தம்பி, இப்பல்லாம் நான் பூரா நேரமும் சேர்ல உக்காந்திருக்கறதில்ல. அதைக் கேளுங்க. பதினொண்ணு வரைக்கும் உக்காந்திருப்பேன். இருபத்தஞ்சு, இருபத்தாறு. இருபத்தேழு வந்ததும் எந்திரிச்சிடறேன். செருப்ப மாட்டிக்கினு, சட்டையப் போட்டுக்கினு, சமையல் ரூம் வாசப்படிக்குப் போயி நின்னுடறேன்.

கெளம்பலாம் வா வேதான்னு கூப்பிடறேன்.

ரெண்டு டிக்கெட்டு குடுப்பா. குடியாத்தம்.